சாவி மாற்றச் சிறப்புக் கூட்டம்

மலையடிவார யானை முன்னறிவிப்பு வாரியத்தில் யானையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. நாற்காலியை எந்தத் திசை பார்த்துப் போட வேண்டும் என்பதற்குச் சுற்றறிக்கை உண்டு. மின்விசிறி எந்த மாதம் முதல் சுற்றலாம் என்பதற்கு ஆணை உண்டு. யானைகளுக்கு மட்டும் சுற்றறிக்கை அனுப்ப முகவரி கிடைக்காததால் அவை தம் இஷ்டத்துக்கு மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தன. செயல் அலுவலர் கோட்டைச்சாமிக்கு இதில் தீராத மனக்குறை.

வாரியத்தின் அலுவலகம் போடியில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியின் மாடியில் இருந்தது. கீழே காய் தரம் பிரிக்கும் மணம் படியேறி வந்து வந்து கோப்புகளுக்கெல்லாம் பாயச வாசனை ஏறிவிட்டது. அந்த வாசனைக்கு நடுவே, ஒரு சனிக்கிழமை மதியம், பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள் சூர்யகலா. உச்சியில் மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது.

ராசிங்காபுரத்துக்கு மேற்கே, வயல் முடிந்து மலை தொடங்கும் இடத்தில் வாரியத்தின் தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. சூர்யகலா அதன் ஒப்பந்தக் காவலாளி. கொட்டகைக்குள் ஒரு பெட்டி, வெளியே கம்பத்தில் ஒரு சைரன். மலைப்பாதையில் மரத்தில் கட்டியிருக்கும் கேமரா யானையைக் கண்டால் படம் பெட்டிக்கு வரும். பெட்டி அதைப் போடி அலுவலகத்திலுள்ள சர்வருக்கு அனுப்பும். சர்வர் பார்த்து, யானைதான் என்று முடிவு செய்து, சைரனுக்கு உத்தரவு கொடுக்கும். சைரன் ஊளையிட்டால் பாதையில் இறங்கி வருகிறவர்கள் நின்ற இடத்திலேயே நின்றுகொள்வார்கள். தந்தம் திருடுகிறவன் எவனும் நடுவழியில் அந்தப் படத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகப் பெட்டிக்கும் சர்வருக்கும் இடையே விபிஎன் என்று ஒரு பூட்டிய வழி போட்டிருந்தார்கள். போட்டுக் கொடுத்தவர் போடியில் கேமரா, கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் உதுமான். இரண்டு வருடமாக எல்லாம் ஒழுங்காக நடந்தது. வாரியத்தில் ஒன்று ஒழுங்காக நடந்தால் அது யார் கண்ணையாவது உறுத்தாமல் இருக்காது.

தணிக்கைக்கு வந்தவர் கண்ணை உறுத்தியது. அவர் எழுதிவைத்துவிட்டுப் போன குறிப்பு இது: "மேற்படி பெட்டி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சர்வருடன் தானே பேசிப் புதிய சாவி தயாரிக்கிறது. பழைய சாவியைத் தானே அழித்துவிடுகிறது. எந்தச் சாவிக்கும் தகுதியுள்ள அலுவலரின் முன் அனுமதி பெறப்படவில்லை. இதுவரை தயாரான லட்சக்கணக்கான சாவிகளில் ஒன்றுகூட இருப்பில் இல்லை."

கோட்டைச்சாமி அன்று மாலையே விபிஎன்னை நிறுத்தினார். சைரன் ஊமையானது. விஷயம் தெரிந்து உதுமான் ஓடி வந்தார்.

"சார், அது இரும்புச் சாவி இல்ல. வெறும் எண்ணு" என்றார்.

"எண்ணாக இருந்தால் என்ன? வாரியத்தின் மின்சாரத்தில் தயாரானது வாரியத்தின் சொத்து. அதை இரண்டு நிமிடத்தில் அழிக்க ஒரு பெட்டிக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ஒரு உடைந்த நாற்காலியைக் கழிக்க எனக்கே அதிகாரம் கிடையாது, தெரியுமா?"

உதுமான் பொறுமைசாலி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். "பெட்டி தனக்குள்ள ஒரு ரகசிய எண்ணை நினைச்சுக்கிரும் சார். யாருக்கும் சொல்லாது. அதை வச்சு ஒரு கணக்குப் போட்டு விடையை மட்டும் அனுப்பும். சர்வரும் அதே மாதிரி தன்னோட விடையை அனுப்பும். வந்த விடையைத் தன் ரகசியத்தோட சேத்து ரெண்டும் இன்னொரு கணக்குப் போட்டா, ரெண்டு பக்கமும் ஒரே சாவி வந்துரும். வழியில நின்னு எவன் பாத்தாலும் விடைதான் தெரியும். சாவி வழியிலயே போகாது."

"யாருக்கும் சொல்லாது என்றால், எனக்கும் சொல்லாதா?"

"உங்களுக்கும் சொல்லாது சார்."

கோட்டைச்சாமி முகம் கறுத்துப்போனது. இத்தனை வருடச் சர்வீசில் அவர் கையெழுத்துக்கு வராத காரியம் ஒன்று, அவருடைய அலுவலகத்திலேயே, அவருடைய அடுத்த அறையிலேயே, இரவும் பகலும் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

உதுமான் அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். புரியவைக்க ஆசைப்பட்டார். "மாட்டுச் சந்தையில நாலு பேரு சுத்தி நின்னு பாக்கையிலயே, துண்டுக்கடியில விரலைப் பிடிச்சு விலையை முடிச்சிருறாங்கள்ல சார். கிட்டத்தட்ட அந்த மாதிரின்னு வச்சுக்கங்க" என்றார்.

கோட்டைச்சாமி வைத்துக்கொண்டார். அப்படியே வைத்துக்கொண்டார். மறுநாள் சுற்றறிக்கை வந்தது. இனி வாரியத்தின் சாவிகள் பெட்டிகளால் அல்ல, மனிதர்களால், அலுவலக நேரத்தில், செயல் அலுவலர் முன்னிலையில், துண்டு முறையில் மாற்றிக்கொள்ளப்படும்.

அதன் பிறகு துண்டு பிரச்சினையானது. வாரியம் எந்தக் கட்சியையும் சாராதது. கடையில் எந்த நிறத் துண்டை எடுத்தாலும் அது ஏதாவது ஒரு கட்சிக்காரர் தோளில் ஏற்கெனவே கிடந்தது. வெள்ளையை எடுக்கலாம் என்றால் அதிலும் கரை இருந்தது. கரைக்கும் கட்சி இருந்தது. கடைசியில் ரோஜாப்பூப் போட்ட குளியல் துண்டு ஒன்றை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த ஆராய்ச்சி முடிவதற்குள் ஒரு வாரம் போயிற்று. அந்த வாரம் முழுக்க சூர்யகலா தினமும் பஸ் ஏறிப் போடிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

ஆனால் இந்தச் சனிக்கிழமை மற்ற நாள் மாதிரி இல்லை. மேலே ஏலத்தோட்டத்தில் வாரம் முழுக்கத் தங்கி வேலை பார்த்த ஆட்கள் இன்றுதான் இறங்குவார்கள். அதில் அவள் புருஷன் கன்னையனும் ஒருவன். காலையில் அவள் கொட்டகைக்குப் போனபோது பக்கத்து வாழைத்தோட்டம் மிதிபட்டுக் கிடந்தது. சாணத்தில் இன்னும் சூடு இருந்தது. தடம் ஓடைப் புதருக்குள் போயிருந்தது. பாதை அந்த ஓடையைத் தாண்டித்தான் வர வேண்டும். எஸ்டேட்டுக்குப் போன் அடித்து அடித்துப் பார்த்தாள், யாரும் எடுக்கவில்லை. பாதையில் டவர் கிடையாது. வெடி போட்டு விரட்டும் ஆட்கள் தேவாரம் ஊர்ப் பக்கம் வேறொரு யானைக் கூட்டத்தின் பின்னால் போயிருந்தார்கள். சைரனைக் கையால் அழுத்த முன்பு ஒரு பொத்தான் இருந்தது. யாராவது தவறாக அழுத்திவிடலாம் என்று வாரியம் அதைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தது.

"சார், மூணு மணிக்கெல்லாம் எடை போட்டுட்டுக் கெளம்பிருவாக. பொழுது சாயறதுக்குள்ள ஓடைக்கு வந்துருவாக" என்றாள் சூர்யகலா. அன்று அதை அவள் சொல்வது எத்தனையாவது முறை என்று அவளுக்கே தெரியாது.

"அதற்காகத்தானேம்மா சனிக்கிழமை என்றும் பார்க்காமல் சிறப்புக் கூட்டம் போட்டிருக்கிறேன்" என்றார் கோட்டைச்சாமி.

கூட்டம் தொடங்கியது. மேஜை மேல் ரோஜாப்பூத் துண்டு விரித்திருந்தது. ஒரு பக்கம் சர்வரின் பிரதிநிதியாகக் கண்காணிப்பாளர் பொன்னுமணி. எதிர்ப்பக்கம் பெட்டியின் பிரதிநிதியாக சூர்யகலா. நடுவில் மாட்டுத் தரகர் முனியசாமி. அவருக்கு மதிப்பூதியமும் ஒரு டீயும் உண்டு என்று சொல்லிக் கூட்டி வந்திருந்தார்கள். அவர் வாரியத்தின் விரலை வலக்கையில் வாங்கி, இடக்கையால் சூர்யகலாவிடம் கொடுப்பார் என்பது ஏற்பாடு.

சுவரோரமாக நின்ற உதுமான் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், இந்தச் சாவி மாத்துற வேலையில இருக்கற ஒரே பயம், நடுவுல ஒருத்தன் புகுந்துரக் கூடாதுங்கறதுதான்."

"அதனால்தான் நாங்களே ஒருவரை நியமித்திருக்கிறோம்" என்றார் கோட்டைச்சாமி.

பிறகு அவர் எழுந்து உரையாற்றினார். "பெட்டிகள் நம்மைக் கேட்காமல் ரகசியம் பேசிய காலம் இன்றோடு முடிகிறது. ரகசியம் என்பது பொறுப்புள்ளவர்களிடம் இருக்க வேண்டும். பொறுப்பு என்பது கையெழுத்துப் போடுகிறவர்களிடம் இருக்கிறது. இந்த வாரியம் தொடங்கிய நாளிலிருந்து இதுவரை எத்தனை யானை வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் எத்தனை கூட்டம் நடந்தது என்று கேளுங்கள், சொல்கிறேன்." யாரும் கேட்கவில்லை. அவரே சொன்னார். ஒவ்வொரு கூட்டத்தையும் சொன்னார்.

ஜன்னலில் மலையின் பாதி மேகத்துக்குள் போய்விட்டது. சூர்யகலா முந்தானை நுனியைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். இந்நேரம் கன்னையன் மூட்டையைக் கட்டியிருப்பான். இந்நேரம் கடைசிச் சரிவுக்கு முந்தின பாறையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்திருப்பான். உட்காரட்டும், இன்னும் ரெண்டு பீடி குடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அவனுடைய பீடிக்கு அவள் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

எண் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அடுத்த விவாதம் வந்தது. இருபது இலக்கமாவது இருந்தால்தான் பெட்டி ஏற்கும் என்றார் உதுமான். எந்த வரிசையும் இல்லாமல் கண்டபடி இருக்க வேண்டும் என்றும் சொன்னார். வாரியத்தில் கண்டபடி எதையும் செய்ய இடமில்லை என்று பொன்னுமணி ஆட்சேபித்தார். கடைசியில், கண்டபடி இருப்பதற்குச் செயல் அலுவலர் எழுத்துப்பூர்வமாக விலக்கு அளித்தார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். "பூஜ்யம் வரக் கூடாது. வாரியத்தின் முதல் சாவி. மங்கலமாக இருக்க வேண்டாமா?"

பொன்னுமணி துண்டுக்குள் கையை விட்டார். முனியசாமியும் விட்டார். சூர்யகலா விடப்போனாள்.

"இரும்மா" என்றார் கோட்டைச்சாமி. "நீ கல்யாணமானவள். ஒரு ஆண் பிள்ளையின் விரலைப் பிடிக்கிறாய், அதுவும் துணிக்கடியில். நாளைக்கு யாராவது ஒரு புகார் எழுதிப் போட்டால் வாரியத்தின் பெயர் என்னாவது? கணவரிடம் தடையில்லாச் சான்று வாங்கினாயா?"

"அவரு மலையில இருக்காரு சார்."

"எப்போது வருவார்?"

"இன்னைக்குச் சாயங்காலம்."

"நல்லதாகப் போயிற்று. வந்ததும் வாங்கிக்கொண்டு வா. திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாம்."

"அவரு வர்றதுக்குத்தான் சார் சைரன் வேணும்."

"சைரன் வேண்டுமென்றால் சாவி வேண்டும். சாவி வேண்டுமென்றால் சான்று வேண்டும். சான்று வேண்டுமென்றால் அவர் வர வேண்டும். இதில் எந்த இடத்தில் உனக்குச் சந்தேகம்?"

டீ கொண்டுவந்த ஆள் தட்டோடு நின்றுவிட்டான். ஒரு வாரமாகப் பெஞ்சில் உட்கார்ந்து சேர்ந்த கோபம் சூர்யகலாவுக்கு இருந்தது. கத்தவில்லை. துண்டைத் தூக்கிக் கையை உள்ளே விட்டு முனியசாமியின் விரல்களைக் கெட்டியாகப் பிடித்தாள்.

"தடை இருந்தா அவரு உசுரோட வந்து சொல்லட்டும் சார். சொல்ற வாயி வந்து சேரட்டும் மொதல்ல. நீங்க ஆரம்பிங்க தரகரே."

கோட்டைச்சாமி வாயைத் திறந்தார். இப்படி ஒரு நிலைமைக்கு விதி இல்லாததால் மூடிக்கொண்டார். முனியசாமி "வெரசா முடிப்போம் தாயி" என்று கண்ணை மூடினார். ஐந்து வரை விரலைப் பிடிப்பது, அதற்கு மேல் போனால் முழுக் கையையும் ஒரு பிடி பிடித்துவிட்டு மிச்சத்துக்கு விரல். ஒன்றுமில்லை என்றால் மூடிய கை. சூர்யகலா ஒவ்வொன்றையும் உதட்டுக்குள் சொல்லிச் சொல்லி மனசில் அடுக்கினாள். எழுத அனுமதி இல்லை, ரகசியம். பாதியில் பொன்னுமணிக்குக் கை வியர்த்து, துண்டாலேயே துடைத்துக்கொண்டதில் துண்டு விலகியது. ரகசியம் வெளிப்பட்டதா என்று ஒரு சின்ன விசாரணை நடந்தது. எல்லோரும் அந்த நேரம் கூரையைப் பார்த்ததாக வாக்குமூலம் கொடுத்தார்கள்.

இருபதாவது இலக்கம் முடிந்தது. ரகசியத்தை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பதால் பொன்னுமணி அடுத்த அறைக்குப் போய் எண்ணை சர்வரில் இறக்கிவிட்டு வந்தார். கோட்டைச்சாமி எல்லோருக்கும் கை கொடுத்தார்.

"அப்ப நான் போயிப் பெட்டியில போட்டுரட்டுமா சார்?" என்று கேட்டாள் சூர்யகலா.

"போடலாம். திங்கட்கிழமை ஆணை வந்த பிறகு. இன்று நடந்தது சாவி மாற்றம். சாவி அமல் என்பது தனிக் கோப்பு."

அவள் எழுந்து நடந்தாள். படியில் இறங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. உதுமான். "தங்கச்சி, ஏறுங்க வண்டியில" என்றார். "துண்டுன்னு நான்தானே வாயைக் குடுத்தேன்."

ராசிங்காபுரம் ரோட்டில் வண்டி பறந்தது. பின்னால் உட்கார்ந்து அவள் எண்ணை விடாமல் முணுமுணுத்தாள். லாரி ஹாரன் அடித்தால் சத்தமாகச் சொன்னாள். உதுமான் வாயே திறக்கவில்லை, எங்கே அவள் ஒரு இலக்கத்தை நழுவவிட்டுவிடுவாளோ என்று அவருக்குப் பயம்.

கொட்டகைக்கு வந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் போயிருந்தது. ஓடைப் பக்கம் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவே இல்லை. பெட்டியில் எண்ணை அடித்தாள். விளக்கு சிவப்பாகவே நின்றது. மறுபடி அடித்தாள். சிவப்பு.

"ஒரு எண்ணு தப்பாயிருக்கும், நல்லா நினைச்சுப் பாருங்க" என்றார் உதுமான்.

"தப்பே இல்லண்ணே. எம் பேரு மறந்தாலும் இது மறக்காது." அவள் இன்னொரு தடவை மெதுவாக வாய்விட்டுச் சொன்னாள். மூன்று, எட்டு, மூடிய கை, ஐந்து என்று போனது. பாதியில் நின்றாள். "அண்ணே, பூஜ்யம் கூடாதுன்னுல்ல அந்த ஆளு சொன்னாரு? எனக்கு மூடுன கை எப்பிடி வந்துச்சு? அதும் ரெண்டு தடவை?"

உதுமான் அவளைப் பார்த்தார். "இருபதுல ஒன்பதும் ஒண்ணுகூட வரல" என்றார் மெதுவாக. அடுத்த நொடி போனை எடுத்து முனியசாமிக்கு அடித்தார். "தரகரே, வாரியம் காட்டுன எண்ணை அப்படியே குடுத்தீகளா?"

"அதெப்படிப்பா அப்படியே குடுக்குறது?" என்றார் முனியசாமி மறுமுனையில், கொஞ்சம் மனம் நொந்து. "வாங்குற பக்கம் பொம்பளப் பிள்ள. விக்கிறவன் சொன்ன வெலைக்கா முடிச்சு விடுவேன்? ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு கொறைச்சுத்தான் பேசி விட்டேன். அதுக்கு மேல கொறைச்சா வாரியத்துக்குக் கட்டாது."

போன் பேசி முடிவதற்குள் சூர்யகலா அடிக்கத் தொடங்கிவிட்டாள். மூன்றை நாலாக்கினாள். எட்டை ஒன்பதாக்கினாள். மூடிய கையை ஒன்றாக்கினாள். ஒவ்வொன்றிலும் ஒன்று கூட்டி இருபதையும் அடித்து முடித்தாள்.

விளக்கு பச்சையானது.

அவள் மூச்சு விட்டாள். அந்த மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் தலைக்கு மேலே சைரன் அலறியது. தகரம் அதிர்ந்தது. சைரன் அடித்ததற்கு அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. யானை பாதையில் நிற்கிறது, இப்போது, இந்த நிமிடம். கன்னையன் ஓடைக்கு மேலே இருக்கிறானா, ஓடைக்குள் இருக்கிறானா என்று அந்தச் சத்தம் சொல்லவில்லை. அவள் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்து நின்றாள். அழுதுகொண்டிருக்கிறோம் என்பது உதுமான் தண்ணீர் பாட்டிலை நீட்டியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உதுமான் ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினார். "இந்த விளக்கு இப்ப ஒருக்கா சிமிட்டுச்சு பாத்தீகளா தங்கச்சி. புதுச் சாவி மாத்திக்கிருச்சு. நாம அடிச்சது வாசல்ல ஆளு தெரியறதுக்குச் சொல்ற பேரு மாதிரிதான். உள்ள போனதும் அதுக ரெண்டும் பழையபடி தானே பேசிக்கிருதுக. ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு. யாருகிட்டயும் அனுமதி கேக்கல."

சைரன் வெகு நேரம் கழித்து நின்றது. அதற்கப்புறமும் வெகு நேரம் கழித்து, இருட்டு மசமசப்பில், ஓடைக்கு இந்தப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. தலையில் மூட்டையோடு ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நாலாவதாக வந்தான் கன்னையன்.

"பாறை மேலயே உக்காந்துட்டோம்" என்றான். "சங்கு ஊதலேன்னா இந்நேரம் நேரா அது வயித்துக்கடியிலதான் போயிருப்போம். குட்டியோட நின்னுச்சு. நீ ஏன் இப்படி நிக்கிற?"

அவள் அவன் தோளில் கிடந்த துண்டை உருவி அதாலேயே அவனை ஒரு அடி அடித்துவிட்டு, அதே துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை புருஷன் பெண்டாட்டி இருவரும் அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டார்கள். கோட்டைச்சாமி தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. சனிக்கிழமை மாலை சைரன் ஒலித்திருக்கிறது. அமல் ஆணை இல்லாத சாவியால் ஒலித்த சைரன் ஒலித்ததாகாது. ஒலிக்காத சைரனுக்குக் காரணமான யானை வந்ததாகாது. அப்படியிருக்க, வராத யானைக்காகப் பாறை மேல் ஏன் உட்கார்ந்திருந்தீர்கள் என்று அவர் கன்னையனிடம் விளக்கம் கேட்டார்.

"கால் வலிச்சுச்சுங்கய்யா" என்றான் கன்னையன்.

அது ஏற்கத்தக்க காரணமாக இருந்தது. எழுதிக்கொண்டார். பிறகு பொன்னுமணி தடையில்லாச் சான்றை நீட்ட, சனிக்கிழமைத் தேதி போட்டு அதில் கன்னையன் கையெழுத்துப் போட்டான்.

"இப்போது உன் விஷயம்" என்று சூர்யகலா பக்கம் திரும்பினார் கோட்டைச்சாமி. "பெட்டியிலிருந்து அந்த எண்ணை இன்றே நீ அழித்துவிட வேண்டும். சர்வரிலிருந்து அழிக்க மேலிடத்து அனுமதி வேண்டும். அது வர ஆறு மாதம் ஆகும், அதுவரை அங்கே இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்த சாவி மாற்றக் கூட்டம் வரை சைரன் நிறுத்தம். அதுவரை உன் நினைவிலும் அந்த எண் இருக்கக் கூடாது. மறந்துவிட்டேன் என்று எழுதிக்கொடு."

"கூட்டம் எப்ப சார்?"

"துண்டைத் துவைக்கப் போட்டிருக்கிறோம். அது வந்த பிறகு."

கன்னையன் மறுநாள் கொட்டகை வழியாகத்தான் மலையேற வேண்டும். சனிக்கிழமை இறங்க வேண்டும். சூர்யகலா தாளை வாங்கிக்கொண்டாள். "நான் மறந்துவிட்டேன்" என்று எழுதி நீட்டினாள்.

"எதை மறந்தாய் என்று இல்லையே" என்றார் கோட்டைச்சாமி. "மொட்டையாக மறந்துவிட்டேன் என்றால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். மறந்த எண்ணை முழுவதுமாகக் குறிப்பிட வேண்டும்."

அவள் குனிந்து இருபது இலக்கத்தையும் நிறுத்தாமல் எழுதினாள். கோட்டைச்சாமி பீரோவைத் திறந்து, சனிக்கிழமையே வாரியத்தின் எண்ணை எழுதிப் பூட்டிவைத்திருந்த கோப்பை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து, ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்தார்.

"எல்லாம் சரியாக இருக்கிறது" என்றார் திருப்தியோடு. "மறந்தது ஏற்கப்படுகிறது. பொன்னுமணி, முத்திரை கொண்டுவாரும்."

முத்திரை தேடுகிற நேரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கன்னையன் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். எண்ணை மறந்துவிட்டதாக அவன் எதிலும் எழுதிக்கொடுக்கவில்லை. அவனிடம் யாரும் கேட்கவுமில்லை. சூர்யகலாவின் கை துண்டுக்கடியில் போனது. அவன் நாலு விரலைப் பிடித்தாள். பிறகு முழுக் கையையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, நாலு விரல். பிறகு ஒரு விரல்.

மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து கோட்டைச்சாமி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். புருஷன் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சான்றும் கோப்பில் இருக்கிறது. அவருக்கு அதில் தவறாக எதுவும் தெரியவில்லை.

முத்திரை விழுவதற்குள் இருபதும் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்தத் தடவை நடுவில் தரகர் யாரும் இல்லாததால் ஒன்றுகூடக் குறையவில்லை.